ஹோவானஸின் மலையில் ராகம் தேடிய கதை: ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

இது ஒரு கட்டுரை மூன்று முறை எழுதப்பட்ட கதை. முதல் வரைவில் தவறு மாணவியுடையது. இரண்டாவதில் தவறு என்னுடையது. கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதோடு மேற்கத்திய இசையைப் பகுத்துப் படிக்கிறவர்களுக்கு உதவக்கூடும் என்று, நடந்ததை நடந்தபடியே எழுதி வைக்கிறேன். மாணவியின் சம்மதம் உண்டு. பெயர்கள் வேண்டாம் என்று இருவருமே முடிவு செய்தோம்.

இடம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழக இசைத்துறை. முதுகலை மாணவர்களுக்கு 14 வாரப் பகுப்பாய்வு வகுப்பு, நடத்தியவன் நான். இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கச் செவ்வியல் இசையமைப்பாளர் ஒருவரை எடுத்துக்கொண்டு, அவருடைய நடை எதனால் ஆனது என்று ஸ்கோரை, அதாவது எழுதிய இசைப்பிரதியை, வைத்துக் காட்ட வேண்டும். பருவ இறுதிக் கட்டுரைக்கு அவ்வளவுதான் நிபந்தனை. பெரும்பாலோர் கோப்லண்ட், பார்பர் என்று போனார்கள். சென்னையில் 12 வருடம் கர்நாடக வயலின் கற்று, பிறகு மேற்கத்திய வயலினுக்கு மாறிய ஒரு மாணவி மட்டும் ஆலன் ஹோவானஸ் வேண்டும் என்றார்.

ஹோவானஸ் 1911 மார்ச் 8 அன்று பாஸ்டனை ஒட்டிய சாமர்வில் நகரில் பிறந்தவர். அப்பா ஆர்மீனியர், டஃப்ட்ஸ் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். அம்மா ஸ்காட்லாந்து வழி வந்தவர். 1940இலிருந்து வாட்டர்டவுனில் உள்ள செயின்ட் ஜேம்ஸ் ஆர்மீனியத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார். எண்ணிட்ட சிம்ஃபனிகளே 67. ஓப்பஸ் எண்கள், அதாவது படைப்புகளுக்கு இடும் வரிசை எண்கள், 430ஐத் தாண்டும். 2000 ஜூன் 21 அன்று சியாட்டிலில் காலமானார்.

இடையில், 1959-60இல், ஃபுல்பிரைட் உதவித்தொகையில் சென்னைக்கு வந்தார். வீணை கற்றார், ராகங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதும் எண்ணத்தோடு ஏராளமான குறிப்புகள் சேர்த்தார், மியூசிக் அகாடமியின் விழாவில் பங்கெடுத்தார். நாகூர் தர்காவுக்குப் போய்வந்த பாதிப்பில் நம் வாத்தியங்களுக்கென்றே 'நாகூரான்' என்று ஒரு படைப்பு எழுதினார். சென்னை வானொலி நிலையத்தின் வாத்தியக் குழு அதை வாசித்து, 1960 பிப்ரவரியில் ஒலிபரப்பானது.

இந்த ஒரு பத்திதான் வினை. பின்னால் நடந்த அத்தனைக்கும் காரணம், மாணவி ஒரு சுரம் கேட்பதற்கு முன்பே இதைப் படித்திருந்ததுதான். நானும் படித்திருந்தேன்.

## முதல் நான்கு வாரங்கள்: காதில் விழுந்தது

முக்கியப் படைப்பாக அவர் எடுத்துக்கொண்டது ஹோவானஸின் இரண்டாவது சிம்ஃபனி, 'மர்ம மலை'. 1955 அக்டோபரில் ஹூஸ்டனில் இசைக்குழு நடத்துநர் ஸ்டொகொவ்ஸ்கி நடத்த முதன்முறை அரங்கேறியது. 1958இல் நடத்துநர் ரைனரும் சிகாகோ சிம்ஃபனி இசைக்குழுவும் பதிவு செய்த இசைத்தட்டுதான் அதை உலகமெல்லாம் கொண்டு போனது. மொத்தம் மூன்று பகுதிகள். முதலும் கடைசியும் துதிப்பாடல் போல மெதுவாக நகரும். நடுவில் இரட்டை ஃப்யூக். அதாவது, ஒரு குரல் எடுத்த மெட்டை மற்றக் குரல்கள் வரிசையாக எடுத்துக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னும் வடிவம் ஃப்யூக். இதில் அப்படி இரண்டு மெட்டுகள்.

ஒப்பிட்டுப் பார்க்க 'லூசட்ஸாக்' என்ற 1944 படைப்பையும் சேர்த்துக்கொண்டார். பியானோவுக்கும் தந்தி வாத்தியங்களுக்குமானது. ஒளியின் வருகை என்ற பொருளில் ஹோவானஸே ஆர்மீனிய மொழியில் கட்டிய சொல் அது.

நான்காம் வாரக் கடைசியில் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். இடப்பக்கம் ஸ்கோரின் பார் எண்கள் (கோடு போட்டுப் பிரித்த கட்டங்களின் எண்கள்). வலப்பக்கம் நெடுக ராகப் பெயர்களும் தாளப் பெயர்களும். லூசட்ஸாக்கில் பியானோ தனித்து ஓடும் ஓர் இடத்துக்கு நேரே மாயாமாளவகௌளை. தந்திகள் மொத்தமாக முணுமுணுக்கும் இடத்துக்கு நேரே 'தம்புரா' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். மலையின் கடைசிப் பகுதியில் 7 அட்சரத்தில் வருகிற ஓதலுக்கு திஸ்ர ஜாதி திரிபுடை. அதற்குப் பிறகு 13 அட்சரத்தில் ஒரு பேரலை எழுந்து அடங்கும். அதற்கு சங்கீர்ண ஜாதி திரிபுடை.

"சார், ஒன்பதும் ரெண்டும் ரெண்டும் பதிமூணு. கணக்கு அப்படியே உக்காருது பாருங்க" என்றார்.

கணக்கு என்னவோ உட்கார்ந்தது. அன்று எனக்கும் உற்சாகமாகத்தான் இருந்தது என்பதை இங்கே ஒளிக்கப் போவதில்லை. அந்த வாரமே அவர் ஒரு மாணவர் கருத்தரங்குக்கு 'ஹோவானஸின் கர்நாடக மலை' என்று தலைப்பிட்டுச் சுருக்கம் அனுப்பினார். நான் தடுக்கவில்லை.

## முதல் வரைவு: 72 கண்கள் உள்ள வலை

ஆறாம் வாரம் முதல் வரைவு வந்தது. 22 பக்கம், நன்றாகவே எழுதியிருந்தார். முறை இதுதான்: ஒரு மெட்டில் வருகிற சுரங்களைத் திரட்டு, ஆதார சுரத்தை முடிவு செய், மீதியை மேளகர்த்தா அட்டவணையில் தேடு, கிடைத்த பெயரை எழுது.

படித்துக்கொண்டே போனபோது எட்டாவது பக்கத்தில் ஏதோ உறுத்தியது. எல்லாமே பொருந்துகிறது, ஒன்றுகூடப் பொருந்தாமல் போகவில்லை. அப்புறம்தான் உறைத்தது. மேளகர்த்தா என்பதே ஷட்ஜம், பஞ்சமம் இரண்டையும் அசையாமல் வைத்து, மீதி ஐந்து சுரங்களுக்கும் முறைப்படி கிடைக்கிற எல்லாச் சேர்க்கைகளையும் போட்டு 72 ஆக்கிய அட்டவணை. ஏழு சுரத்தில் பாடுகிற யாராக இருந்தாலும் அநேகமாக அதில் எங்காவது விழுந்துதான் ஆக வேண்டும். ஐரோப்பியத் தேவாலயப் பாடல்களின் பழைய மோட்கள், அதாவது சுர வரிசைகள், ஏழில் ஆறு அதற்குள் இருக்கின்றன. டோரியன் என்றால் கரகரப்பிரியா, மிக்ஸோலிடியன் ஹரிகாம்போஜி, லிடியன் கல்யாணி. பஞ்சமம் சுத்தமாக இல்லாத லோக்ரியன் மட்டும்தான் வெளியே நிற்கிறது.

மாணவியிடம் ஒரு சோதனை செய்யச் சொன்னேன். அதே முறை, அதே அட்டவணை. ஆனால் பாட்டு வேறு: தாமஸ் தாலிஸ் என்ற ஆங்கில இசையமைப்பாளர், பைபிளின் சங்கீதங்களை ஆங்கிலத்தில் தந்த 1567ஆம் ஆண்டுப் புத்தகம் ஒன்றுக்காக எழுதிய மூன்றாவது மெட்டு. ஆங்கில இசையமைப்பாளர் வாகன் வில்லியம்ஸ் 1910இல் தன் பெயர்பெற்ற கற்பனைக் கோவையை எழுப்பியது இந்த மெட்டின் மேல்தான். மறுநாள் விடை வந்தது: ஹனுமத்தோடி. ஆக, நம் கணக்குப்படி முதலாம் எலிசபெத் காலத்து ஆங்கிலேயர் தோடி பாடியிருக்கிறார். மாணவியே சிரித்துவிட்டார்.

மாயாமாளவகௌளைக்கும் இதே கதிதான். அந்தச் சுர அடுக்கை அரபு, துருக்கி இசையில் ஹிஜாஸ்கார் என்ற மக்காம் (அங்கத்திய சுர அமைப்பு) என்பார்கள். ஆர்மீனியப் பின்னணி உள்ள, தேவாலயத்தில் ஆர்கன் வாசித்த ஒருவர் அப்படி எழுதினால் முதலில் பார்க்க வேண்டிய திசை எது? சென்னை அல்ல, நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் இருந்த வாட்டர்டவுன்.

தாளத்துக்கு வேறு விதமாகப் பார்த்தோம். 13 என்ற எண்ணிக்கை மட்டும் இருந்தால் தாளம் ஆகிவிடாது. அங்கங்கள், அதாவது தாளத்தின் உட்பிரிவுகள், காதில் கேட்க வேண்டும், ஆவர்த்தம் ஒரு சுற்றுச் சுற்றிச் சமத்துக்கு, அதாவது தொடங்கிய அடிக்கு, திரும்புவது ஏதோ ஒரு விதத்தில் உணரப்பட வேண்டும், மெட்டு அதோடு இழுபறி செய்ய வேண்டும். ஒன்பது, இரண்டு, இரண்டு என்று பிரிவது ஸ்கோரில் எங்கே தெரிகிறது, பார் எண் கொடுங்கள் என்றேன். இரண்டு நாள் தேடினார். காட்ட முடியவில்லை. இந்தப் பகுதிகளைப் பற்றி ஹோவானஸே நிகழ்ச்சிக் குறிப்பு எழுதியிருக்கிறார். 7 அட்சர ஓதல், 13 அட்சர அலை, நடுவே ஓபோவும் கிளாரினெட்டும் பாடும் 5 அட்சர மெட்டு என்று எண்ணிக்கை எல்லாம் சொல்லுகிறார். துதி, ஓதல் என்ற சொற்கள் வருகின்றன. ராகம், தாளம் என்ற சொற்கள் வரவில்லை. தன் படைப்புகளுக்கு இந்தியப் பெயர் வைக்கத் தயங்காத மனிதர் அவர். ஆகவே இங்கே சொல்லாமல் விட்டதற்கும் கொஞ்சம் எடை உண்டு என்று நினைத்தோம்.

## என் சிவப்பு மை: இரண்டாம் வரைவு

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. வரைவின் முதல் பக்க ஓரத்தில் சிவப்பு மையில் பெரிதாக எழுதினேன்: "1955 முந்தியா, 1959 முந்தியா?" மலை எழுதி நான்கு வருடம் கழித்துத்தான் சென்னை. லூசட்ஸாக் என்றால் 15 வருடம் முன்னால். வராத ஊரின் இசை எப்படி வரும் என்பது என் வாதம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. மாணவி மறுபேச்சு இல்லாமல் இந்தியா பற்றிய எல்லாவற்றையும் வெட்டி, 9ஆம் வாரம் இரண்டாம் வரைவைக் கொடுத்தார். அதில் ஹோவானஸ் முழு ஆர்மீனியர் ஆகியிருந்தார். ராகம் இருந்த இடத்திலெல்லாம் ஆர்மீனியத் தேவாலய மோட். தம்புரா இருந்த இடத்தில் ஊத், கானூன் என்ற மேற்காசியத் தந்தி வாத்தியங்கள்.

என் வாதம் இரண்டு இடத்தில் ஓட்டை. இரண்டையும் கண்டுபிடித்தவர் மாணவி.

முதல் ஓட்டை: ஹோவானஸ் இந்திய இசையைச் சென்னையில்தான் முதலில் கேட்டார் என்று நானாக எடுத்துக்கொண்டேன். 1936இலேயே உதய் சங்கரின் நடனக் குழு பாஸ்டனுக்கு வந்திருக்கிறது. விஷ்ணுதாஸ் ஷிராலியின் இசை. அதை ஹோவானஸ் கேட்டிருக்கிறார். அப்போது அவருக்கு 25 வயது. எட்டாவது சிம்ஃபனியான 'அர்ஜுனா' 1960இல் ஹாண்டெல் மானுவேல் நடத்திச் சென்னையில் அரங்கேறியது உண்மை, ஆனால் எழுதப்பட்டது 1940களில்.

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. இவருடைய படைப்புகளை வருட வரிசையில் நிறுத்துவதே ஆபத்து. பழையதை எடுத்துப் புதியதில் வைப்பார். பல வருடம் கழித்துத் திருத்துவார். ஓப்பஸ் எண்கள் காலவரிசையில் போகா. ஆரம்ப காலத்தில் எழுதியதில் பெரும்பகுதியைத் தானே எரித்தும் விட்டார். மர்ம மலையின் இரட்டை ஃப்யூக் 1936இல் எழுதிய முதல் தந்தி நால்வர் படைப்பிலிருந்து வந்தது. 1955இன் சிம்ஃபனியைக் கேட்கும்போது நடுப்பகுதியில் நாம் கேட்பது 20 வருடத்துக்கு முந்திய கையெழுத்து. 'மெட்ராஸ் சொனாட்டா' என்ற பியானோப் படைப்பும் அப்படியே. பெயரைப் பார்த்தால் சென்னையில் பிறந்தது போல இருக்கிறது, ஆனால் சரக்கு 1940களுடையது, பின்னால் திருத்தப்பட்டது. இப்படிப்பட்டவரிடம் "1955 முந்தியா, 1959 முந்தியா" என்று கேட்பது, வீட்டு வாசல் பெயர்ப்பலகையைப் பார்த்து அஸ்திவாரத்துக்கு வயது சொல்கிற மாதிரி.

மாணவி இதை என்னிடம் சொன்ன விதத்தையும் குறிக்க வேண்டும். "சார், நீங்க சொன்னதுனால வெட்டிட்டேன். ஆனா எனக்கு ஒப்பல" என்றார். மூன்று வாரம் கழித்துச் சொன்னார். அந்த மூன்று வாரத்துக்கும் பொறுப்பு என் சிவப்பு மைதான்.

## மூன்று பேர், நான்கு நிமிடம்

இப்போது கையில் இரண்டு வரைவுகள், ஒன்றில் இந்தியர், மற்றதில் ஆர்மீனியர். மோட் பெயர்களை மாற்றிப் போட்டால் ஒன்று மற்றதாகிவிடும் என்ற நிலை. எந்தப் பெயர் சரி என்று வாதிடுவதை விட்டுவிட்டு, பெயர் தெரியாதவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பார்க்கலாம் என்று யோசனை வந்தது. இது விஞ்ஞானச் சோதனை அல்ல, மூன்றே பேர். ஆனாலும் கட்டுரையைத் திருப்பியது இதுதான்.

முதல் பகுதியின் ஆரம்பத்திலிருந்து சுமார் நான்கு நிமிடம். தந்திகள் அடர்த்தியான கார்டுகளாக, அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்களாக, மெல்ல நகர, மேலே செலஸ்டா என்ற மணியோசைக் கருவி மணிமணியாகச் சொட்டும் இடம். பெயர், வருடம், நாடு எதுவும் சொல்லவில்லை.

ஆர்மீனியத் தேவாலயப் பாடகர் குழுவில் பல வருடம் பாடிய ஒரு பெரியவர், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நினைவுக்கு வருகிறது என்றார். இங்கிலாந்தில் கதீட்ரல் பள்ளியில் வளர்ந்த ஓர் ஆர்கன் கலைஞர், வாகன் வில்லியம்ஸ்தானே, எந்தப் படைப்பு என்றுதான் பிடிபடவில்லை என்றார். சரி, மூன்றாமவர் மாணவியின் சென்னை வயலின் வாத்தியார். அவர் நிச்சயம் ஏதாவது ஒரு ராகம் சொல்லுவார் என்று இருவரும் எதிர்பார்த்தோம். மாணவி ஃபோனில் போட்டுக் காட்டினார். வாத்தியார் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நல்லா இருக்கும்மா. மனசுக்கு இதமா இருக்கு. ஆனா இது ராகமா? சுரமெல்லாம் நேரா நிக்குதே. எதுவும் அசையலையே. சர்ச்சுல பாடற மாதிரின்னா இருக்கு."

ராகம் சொல்ல முழு உரிமை உள்ள ஒரே ஆள் ராகம் இல்லை என்றுவிட்டார். கமகம், அதாவது சுரத்தை அசைத்து இழைப்பது, இல்லாமல் சுர வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு ராகம் என்பதை அவர் காது ஒத்துக்கொள்ளவில்லை. அப்படியானால் ராகம் கேட்டது யார்? ஃபுல்பிரைட் பத்தியைப் படித்துவிட்டு வந்த நாங்கள் இருவர் மட்டும். வாழ்க்கைக் குறிப்பு எங்கள் காதுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது.

இது மாணவர்களுக்கு மட்டும் வருகிற வியாதி இல்லை. 1942இல் டாங்கிள்வுட் இசைப் பயிலகத்தில் ஹோவானஸின் முதல் சிம்ஃபனியின் பதிவைப் போட்டபோது லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் அதை மலிவான சேரி இசை என்ற பொருளில் ஒரே வரியில் ஒதுக்கினார் என்று பிற்பாடு பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. எழுதியவரின் குலம் கோத்திரம் தெரிந்தவுடன் இசைக்குப் பெயர் வைத்துவிடுவது பெரிய காதுகளுக்கும் நேர்ந்திருக்கிறது. அவர்கள் இகழ்ச்சியாகச் செய்தார்கள், நாங்கள் பெருமையாகச் செய்தோம்.

## மூன்றாம் வரைவு: எடுத்த முடிவுகள்

12ஆம் வாரம். இரண்டே வாரம் மிச்சம். மூன்று விதிகள் வைத்துக்கொண்டோம். வாழ்க்கைக் குறிப்புப் பக்கங்களைக் கவரில் போட்டு ஒட்டி என் மேசையில் வைப்பது. ஒவ்வொரு கூற்றுக்கும் பார் எண். ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்திலேயே, எது கண்ணில் பட்டால் இது பொய்யாகும் என்று ஒரு வரி. மூன்றாவது விதிதான் கடினமாக இருந்தது. முதல் வரைவில் இருந்த கூற்றுகளில் பாதிக்கு அப்படி ஒரு வரியே எழுத வரவில்லை.

காலம் கடந்து ஒப்பிட, 1965இன் 'ஜப்பானிய மரச்செதுக்கு ஓவியங்கள் மீது கற்பனை' என்ற சைலஃபோன் படைப்பும் சேர்ந்தது. மூன்று படைப்புகள், முன்னும் பின்னுமாக இருபது வருடம்.

முதலில் கார்டுகள். மூன்று கேட்பவர்களுக்கும் பொதுவாக ஒன்று இருந்தது: மூவருமே கோயில் சாயலைக் கேட்டார்கள். அதை உண்டாக்குவது எது? மலையின் முதல் பகுதியில் ஒவ்வொரு கார்டும் தனியாக எடுத்தால் இனிமையான, சாதாரண மூன்று சுரக் கார்டு. பள்ளிக் குழந்தைக்கும் பழக்கமானது. ஆனால் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகிற வழி பழக்கமில்லாதது. மொஸார்ட்டில் பஞ்சமத்தின் மேல் கட்டிய கார்டு கேட்டால் ஆதார கார்டுக்கு ஏங்குவோம். அந்த ஏக்கம்தான் வண்டியை இழுக்கும். இங்கே அந்த இழுப்பைக் காணோம். ஒரு கார்டு தணிந்து இன்னொன்று எழுகிறது. எங்கேயும் போய்ச் சேர வேண்டிய அவசரம் இல்லை. மாணவி அடுத்தடுத்த கார்டுகளை வரிசையாக எழுதி, வழக்கமான முடிப்பு வருகிற இடங்களைச் சிவப்பில் வட்டமிட்டார். பக்கத்தில் சிவப்பு மிகக் குறைவு. இதைக் கண்ணால் பார்த்த பிறகு, மலை அசையாமல் நிற்பது போல ஏன் கேட்கிறது என்பதற்குத் தலைப்பைத் துணைக்குக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது, அந்த முணுமுணுப்பு. லூசட்ஸாக்கில் தம்புரா என்று எழுதிய இடத்தை மாணவி மறுபடி திறந்தார். ஸ்கோரில் இருப்பது ஒரு செயல்முறை. வாசிப்பவர்களுக்கு ஒரு சுரக் கோவை கொடுத்து, அளவு பார்க்காமல், பக்கத்தில் இருப்பவரோடு சேராமல், அவரவர் வேகத்தில் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லுகிறது. தனித்தனியாக எழுத்து தெளிவு, மொத்தமாகக் கேட்டால் தேனீக் கூடு. தம்புரா சுருதியை நிலைநிறுத்தும். அதை நம்பி மற்றவர் பாடுவார். இது சுருதியைக் கலங்கடிக்கிறது, மேகம் போல வீங்கி வடிகிறது. வேலையே நேர் எதிர். ஐரோப்பாவில் போலந்து இசையமைப்பாளர் லூட்டோஸ்லாவ்ஸ்கி இதை ஒத்த முறையைக் கையிலெடுத்துப் பேசப்பட்டது 1961 வாக்கில். 1944 என்பது ரொம்ப முன்னால். கட்டுரையின் மிக நல்ல நான்கு பக்கம் இதைப் பற்றியதுதான் என்பது என் கருத்து. தம்புரா என்ற சொல் இருந்தவரை இந்தப் பக்கங்கள் எழுதப்படவே வழியில்லை. பெயர் வைத்தாயிற்று, பிறகு ஏன் உள்ளே பார்க்க வேண்டும்?

ஃப்யூக் பற்றிச் சுருக்கமாகவே எழுதினார், அதுவும் சரி. முதல் மெட்டு மெதுவாக, பாடுகிற நடையில் வளர்கிறது. இரண்டாவது தந்திகளில் பாய்ந்து வருகிறது. உச்சத்தில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று. இங்கே இலக்கணம் சுத்தமான பழைய ஐரோப்பியப் பாடம். ஆர்மீனியர் என்றோ இந்தியர் என்றோ சொல்ல இடமே இல்லாத பகுதி, முந்திய இரண்டு வரைவுகளிலும் இரண்டு பத்தியில் கடந்து போகப்பட்டிருந்தது தற்செயல் அல்ல.

1965 படைப்பில் எது மாறியது என்று பார்த்தபோது, சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் இழைப்புகளும், நெருக்கமான சுரங்களைக் கொத்தாக ஒலிக்கவிடுவதும் புதிதாகத் தெரிந்தன. எது மாறவில்லை என்றால், நீண்ட ஒற்றை மெட்டு, அவசரமின்மை.

கவரை 14ஆம் வாரம்தான் பிரித்தோம். இப்போது வாழ்க்கைக் குறிப்புக்குச் செய்ய வேலை இருந்தது. 1962-63இல் ஜப்பானில் ககாக்கு என்ற அரசவை இசையைக் கற்றது, 1965இன் சுரக் கொத்துகளுக்குப் பக்கத்தில் நியாயமாகவே வந்து உட்கார்ந்தது. ஸ்கோரில் முதலில் கண்ட ஒன்றுக்கு விளக்கமாக வந்தது. சென்னைப் பத்தி? இந்த மூன்று படைப்புகளில் அதை வைக்க இடமில்லை. அடிக்குறிப்பில் போனது.

## பிறகு நடந்தது

கட்டுரை தேறியது, நல்ல மதிப்பெண். அந்தப் பக்கம் பிரச்சினை இல்லை.

கருத்தரங்குதான் சங்கடம். முதல் வரைவுக் காலத்தில் அனுப்பிய 'கர்நாடக மலை' சுருக்கத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டிருந்தார்கள், கலாசாரப் பரிமாற்றம் பற்றிய பெரிய அமர்வில். மாணவி தலைப்பையும் உள்ளடக்கத்தையும் மாற்ற வேண்டும் என்று எழுதினார். ஒத்துக்கொண்டார்கள், ஆனால் சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, கார்டு நகர்வு பற்றிய அமர்வுக்கு மாற்றிவிட்டார்கள். பதினோரு பேர் இருந்தார்கள், என்னையும் சேர்த்து. தவறான தலைப்புக்குக் கிடைத்த கூட்டம் சரியான தலைப்புக்குக் கிடைக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

கேள்வி நேரத்தில் ஒருவர் கேட்டார்: இவர் மெட்ராஸில் படித்தவராயிற்றே, அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே? மாணவி சொன்ன பதில், அந்தக் கேள்வி 'நாகூரான்' படைப்பிடம் கேட்க வேண்டியது என்பது. நம் வாத்தியங்களுக்கு, நம் வாத்தியக்காரர்கள் வாசிக்க எழுதியது. அங்கே ராகம் என்ற சொல்லைப் பயன்படுத்த அனுமதி கேட்க வேண்டியதில்லை. எப்படிப் பயன்படுத்தினார் என்று பார்த்தால் போதும்.

## மறுபடி செய்தால்

மூன்றாம் வரைவின்போது வாழ்க்கைக் குறிப்பைப் போட்டு ஒட்டிய கவரை முதல் வாரமே ஒட்டியிருப்பேன். இப்போது வகுப்பில் எல்லோருக்கும் அப்படித்தான். முதல் ஐந்து வாரம் ஸ்கோரும் ஒலியும் மட்டும். சிலருக்கு எரிச்சல் வருகிறது, வரட்டும்.

தாலிஸ் சோதனையை வரைவுக்குப் பிறகு அல்ல, முறையைத் தேர்ந்தெடுக்கும்போதே செய்யச் சொல்லுவேன். சம்பந்தமே இல்லாத ஒரு பாட்டை உள்ளே விட்டு, முறை "இல்லை" என்று சொல்கிறதா பார்க்க அரை மணி நேரம்தான் ஆகும். "இல்லை" சொல்லத் தெரியாத முறையால் 22 பக்கம் வீணானது.

வாத்தியாரிடம் ஆறாம் வாரமே பேசியிருக்க வேண்டும். கமகம் இல்லாததை அவர் ஒரு மூச்சில் சொன்னார். நானும் மாணவியும் அதை அறியாதவர்கள் அல்ல. அறிந்தும், ஸ்கோரைப் பார்க்கும்போது அந்த அறிவை ஓரமாக வைத்துவிட்டு அட்டவணையைக் கையில் எடுத்துக்கொண்டோம். சுரத்தைத் தாளில் பார்த்ததால் வந்தது என்று இப்போது நினைக்கிறேன். தாளில் எல்லாச் சுரமும் நேராகத்தான் நிற்கும்.

ஒன்றில் மட்டும் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. 1936இல் கேட்ட ஷிராலியின் இசை ஹோவானஸிடம் ஏதாவது விட்டுப் போயிருக்கும், நீண்ட ஒற்றை மெட்டின் நிதானத்தில் அது இருக்கிறது என்று மாணவி நினைக்கிறார். ஆர்மீனிய ஓதலும் அதே நிதானத்தைக் கொடுக்கும், இரண்டையும் பிரிக்கிற அடையாளம் ஸ்கோரில் இல்லை என்பது என் பக்கம். எது கண்ணில் பட்டால் பொய்யாகும் என்ற வரியை இருவராலும் எழுத முடியாததால், அந்தப் பத்தி கட்டுரையில் சேரவில்லை. அவருடைய நோட்டுப் புத்தகத்தில் பென்சிலில் இருக்கிறது.

சிவப்பு மையை விட்டுவிட்டேன். இப்போது நானும் பென்சில்தான்.